பெயர் ஒன்று போதும், உள்ளே வரலாம்

ஈசூன் பார்க் உணவங்காடி நிலையத்தில் மதிய வேளையில் மேசை பிடிப்பது லேசான காரியமில்லை. நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். 'சோப்' செய்வது என்று சிங்கப்பூரில் அதற்குப் பெயர். இடம் பிடிக்காதவர், இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசைக்குப் போய், "இங்க ஆள் வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை வைப்பார். எதிரில் இருப்பவரின் பெயர் தெரியாது, வேலை தெரியாது. பேச்சு வந்தால் பேசலாம்; வராவிட்டால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம்.

இணைய அரட்டை அறைக்குள் நுழைவதும் ஏறக்குறைய இப்படித்தான். கதவு திறந்தே இருக்கும். யாரும் நம்மைச் சேர்த்துவிட வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணைக் கேட்க மாட்டார்கள். எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். குரோமோ ஃபயர்பாக்ஸோ, கைக்கு எட்டிய ஓர் உலாவி இருக்க வேண்டும். பிறர் நம்மைக் கூப்பிட ஒரு பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இன்று புளோக்குக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, பிள்ளையின் வகுப்புக்கு ஒன்று, கோயில் தொண்டூழியர்களுக்கு ஒன்று என்று ஆளுக்குப் பத்துக் குழுக்கள் இருக்கின்றன. எல்லாம் தெரிந்தவர்கள் கூடும் இடங்கள். நம் எண் தெரிந்த ஒருவர் சேர்த்தால்தான் உள்ளே போக முடியும்; போன பிறகு அந்த எண் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், தன்னைப் போலவே வானொலிக் கருவி கட்டுவதிலோ லினக்ஸிலோ பழைய நூல்களிலோ பைத்தியமாக இருக்கும் நாலு பேரைத் தேட வேண்டும் என்றால் அந்தக் குழுக்கள் உதவாது. அதற்கு அரட்டை அறைதான் சரி. யாஹூ தன் அரட்டை அறைகளை 2012ல் மூடியபோது அந்தக் காலமே முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. யாஹூவுக்கு முன்பே பிறந்த ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிக முந்திய அரட்டை அமைப்புகளில் ஒன்று 1973ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. டக் பிரௌன், டேவிட் வுல்லி என்ற இருவர் பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில் எழுதிய அந்த நிரலுக்கு டாக்கோமேட்டிக் என்று பெயர். ஆறு அறைகள், ஓர் அறைக்கு ஐந்து பேர். ஒருவர் தட்டத் தட்ட எழுத்து எழுத்தாக மற்றவர்களின் திரையில் தெரியும். தப்பாக எழுதி அழிப்பதும் கூடத் தெரியும்.

உலகம் முழுவதும் பரவியது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த இன்னொன்று. 1988 ஆகஸ்ட்டில் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் என்பவர், அங்கிருந்த அறிவிப்புப் பலகைக் கணினியில் பலர் ஒரே நேரத்தில் பேச வழிசெய்வதற்காக ஒரு நிரல் எழுதினார். அதுதான் ஐஆர்சி, இணையத் தொடர் அரட்டை என்று தமிழில் சொல்லலாம். ஒரே கணினியில் அது அடங்கி நிற்கவில்லை. பல ஊர்களில் இருக்கும் கணினிகள் சங்கிலிபோல் கைகோத்து நிற்க, ஒரு முனையில் விழுந்த வரி மறுமுனைக்குக் கடத்தப்பட்டது. 1991 ஆகஸ்ட்டில் மாஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது அங்கிருந்து செய்திகள் இந்த அறைகள் வழியே வெளியே வந்தன. அந்த உரையாடல்களின் பதிவுகளை இன்றும் படிக்க முடியும்.

அதே 1991ல்தான் சிங்கப்பூருக்கு இணையம் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டெக்நெட் என்ற பெயரில், ஆய்வாளர்களுக்கு மட்டுமாக அது தொடங்கியது. 1994ல் சிங்நெட் பொதுமக்களுக்கும் இணைப்பு கொடுக்க, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் மோடம்கள் கிறீச்சிட ஆரம்பித்தன. தொலைபேசிக் கம்பி வழியேதான் இணையம் என்பதால், பிள்ளைகள் அரட்டையில் இருக்கும்வரை வீட்டுக்கு வேறு அழைப்பு வராது. 1995ல் காலித் மர்தம்-பே எழுதி வெளியிட்ட எம்ஐஆர்சி என்ற விண்டோஸ் செயலிதான் அந்தத் தலைமுறையின் வாசல்.

அந்த வாசலில் தமிழ் இல்லை. தமிழர்கள் இருந்தார்கள், தமிழிலும் பேசினார்கள். ஆனால் 'எப்படி இருக்கீங்க' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. இந்தத் தடையை உடைக்கும் வேலையில் சிங்கப்பூருக்கு இருக்கும் பங்கு பெரியது. அரட்டையைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, கணினியில் தமிழ் ஏறியாக வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தவர். கணியன் என்ற அவருடைய தமிழ் மென்பொருள் அந்த உழைப்பில் விளைந்தது. 1995 அக்டோபர் 27ஆம் தேதி, அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங், சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பை இணையத்தில் தொடங்கிவைத்தார். மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அங்கே தமிழ் எழுத்திலேயே நின்றது. அந்தத் திட்டத்தில் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் அவருடைய சகாக்களும் நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து உழைத்தார்கள். இணையத்தில் தமிழ் எழுத்து தலைகாட்டிய மிக முந்திய தருணங்களில் ஒன்று அது.

1997 மே மாதம் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 மாநாட்டையும் நா. கோவிந்தசாமி கூட்டினார். கணினித் தமிழுக்காக உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் நேரில் சந்தித்துக்கொண்ட முதல் மாநாடு என்று அதைச் சொல்வார்கள். அதுவரை மின்னஞ்சலில் மட்டும் வாதாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எதற்கு வாதம்? ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தார்கள். ஒருவர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் மற்றவருடையதில் வேறேதோ எழுத்து இருந்தது. சென்னையிலிருந்து அனுப்பிய வரி சிங்கப்பூரில் குப்பையாகத் தெரிந்தது. நா. கோவிந்தசாமி 1999 மே மாதம் காலமானார். அடுத்த ஆண்டு, 2000 ஜூலையில், அவருடைய ஊரான சிங்கப்பூரிலேயே கூடிய தமிழ் இணையம் 2000 மாநாட்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2005 பொங்கலின்போது, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், ஒலி 96.8 வானொலியின் துணையோடு சிங்கப்பூரில் அறிமுகமானது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது.

எழுத்துருச் சண்டையை யூனிக்கோடு முடித்துவைத்தது. எந்தக் கணினியிலும் எந்த நாட்டிலும் 'க'வுக்கு ஒரே எண். ஆனாலும் அரட்டைச் செயலிகள் அதை ஏற்கத் தாமதித்தன. எம்ஐஆர்சி 2010ல் வந்த ஏழாம் பதிப்பில்தான் யூனிக்கோடை முழுதாக ஏற்றது. உலாவி வழியே அரட்டைக்குப் போவதில் தமிழர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. உலாவிக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும். எழுத்துரு தேடி அலைய வேண்டாம், அமைப்புகளைக் குடைய வேண்டாம். தட்டினால் தமிழ் தெரியும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஐஆர்சி பழைய முறையில் 6667 என்ற வாசல் எண் வழியே போகும். நச்சு நிரல்கள் அந்த வழியைப் பயன்படுத்தியதால் பல அலுவலகங்களும் பள்ளிகளும் அதை அடைத்துவைத்திருக்கின்றன. உலாவி வழியே போகும்போது வங்கித் தளத்துக்குப் போகும் அதே பாதுகாப்பான வழியில் பேச்சும் போகிறது. நூலகத்தில் உட்கார்ந்து இலவச வைஃபையில் சேர்ந்தாலும் பெரும்பாலும் தடை இருக்காது.

ஈசூனில் ஒருவர், நார்த்பாயிண்ட் சிட்டி கடைத்தொகுதியின் மேல்தளத்தில் இருக்கும் பொது நூலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் ஒரு வலையமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐஆர்சி ஒரே கட்டடம் இல்லை, தனித்தனிப் பேட்டைகள். புதியவருக்கு லிபெரா சாட் ஏற்றது. ஃப்ரீநோடு என்ற பழைய வலையமைப்பின் நிர்வாகத்தில் பெரும் பூசல் வந்து, அதை நடத்திய தொண்டூழியர்கள் கூட்டமாக விலகி 2021 மே மாதம் கட்டியது லிபெரா. விக்கிப்பீடியா, உபுண்டு போன்ற பெரிய சமூகங்கள் சில நாள்களிலேயே அங்கே குடிபெயர்ந்தன.

உலாவியின் முகவரிப் பட்டையில் வெப், லிபெரா, சாட் என்ற மூன்று சொற்களையும் நடுவில் புள்ளி வைத்து ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சின்னப் படிவம் வரும். அதில் முக்கியமாக நிரப்ப வேண்டியவை இரண்டு. ஒன்று பெயர், இன்னொன்று அறை. பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவில் இடைவெளி கூடாது. ஐஆர்சியின் தொடக்க விதிகளில் பெயருக்கு 9 எழுத்துதான்; லிபெராவில் 16 வரை போகலாம். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க லிபெராவில் இன்னும் வழியில்லை என்பது மனத்தாங்கல்தான். ஆனால் எர்கோ போன்ற புதிய சர்வர் மென்பொருள்கள் பிறமொழி எழுத்துப் பெயர்களையும் ஏற்கின்றன. ஒரு தமிழ்ச் சங்கமோ பள்ளியோ தனக்கென ஓர் அரட்டை சர்வர் வைத்தால், கயல்விழி கயல்விழியாகவே உள்ளே வரலாம்.

அறையின் பெயர் # என்ற குறியோடு தொடங்கும். லிபெராவில் ஒற்றை # இருந்தால் அது ஏதோ ஒரு திட்டத்தின் அல்லது அமைப்பின் சொந்த அறை. இரட்டை ## இருந்தால் பொதுவான ஒரு தலைப்பைப் பற்றிப் பேசும் அறை. முதல் நாள் போவதற்கு லிபெரா என்ற பெயரிலேயே இருக்கும் உதவி அறை நல்லது. புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அங்கே ஆள்கள் இருக்கிறார்கள்.

தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் திரை பிரியும். நடுவில் பேச்சு ஓடும். ஓரத்தில் அறையில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல். மேலே ஒரு வரியில் அறையின் தலைப்பும் விதிகளும். அதை முதலில் படித்துவிடுவது மரியாதை. சில பெயர்களுக்கு முன்னால் @ குறி இருந்தால் அவர்கள் அறையைக் கவனித்துக்கொள்பவர்கள். 'ஆப்' என்று அவர்களைச் சொல்வார்கள். தொல்லை கொடுப்பவரை வெளியே அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கீழே இருக்கும் பெட்டியில் எழுதி என்டர் தட்டினால் எல்லாருக்கும் தெரியும். சாய்கோட்டில் தொடங்கினால் மட்டும் அது பேச்சு இல்லை, கணினிக்கான கட்டளை. / போட்டு 'ஜாயின்' என்று ஆங்கிலத்தில் எழுதி அறையின் பெயரைக் கொடுத்தால் இன்னோர் அறை திறக்கும். 'பார்ட்' என்றால் அறையிலிருந்து வெளியேறுவது. 'நிக்' என்றால் பெயரை மாற்றிக்கொள்வது. 'இக்னோர்' என்று எழுதி ஒருவர் பெயரைச் சேர்த்தால் அவர் பேச்சு நம் திரையில் வராது. இந்த நான்கும் தெரிந்தால் முதல் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம்.

இனி டிஷ்யூ பாக்கெட் விஷயம். வெறுமனே ஒரு பெயரோடு நுழைந்தால் அது நாம் இருக்கும்வரைதான் நமது. எழுந்துபோனதும் வேறொருவர் அதே பெயரில் வந்து உட்காரலாம். பெயரைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் நிக்சர்வ் என்ற தானியங்கிப் பணியாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிச்செய்தியாக, 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லும் ஒரு கடவுச்சொல்லும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் அனுப்பினால், மின்னஞ்சலுக்கு உறுதிசெய்யும் குறியீடு வரும். சில அறைகள் பதிவு செய்தவர்களை மட்டுமே உள்ளே விடும்.

இங்கேதான் பலருக்கும் கை தவறுகிறது. கட்டளையின் சாய்கோட்டுக்கு முன்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் கணினி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. சாதாரணப் பேச்சு என்று நினைத்து, கடவுச்சொல்லோடு சேர்த்து அறை முழுவதற்கும் காட்டிவிடும். ஆகவே இதைப் பேச்சு நடக்கும் அறையில் தட்டாமல், சர்வருக்கான தனி ஜன்னலில் தட்டுவது நல்லது. கடவுச்சொல்லும் வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ வைத்திருப்பதாக இருக்கக் கூடாது.

உள்ளே போனதும் பலர் எதிர்பார்ப்பது கலகலப்பை. கிடைப்பது பெரும்பாலும் மௌனம். பட்டியலில் முந்நூறு பெயர் இருக்கும், ஒருவரும் பேச மாட்டார். புதியவர் "வணக்கம், யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் பார்த்து, பதில் இல்லை என்று போய்விடுகிறார். அவர் போன பத்தாவது நிமிடத்தில் ஒருவர் பதில் எழுதுகிறார். உலாவியை மூடினால் அறையிலிருந்தும் வெளியே வந்துவிடுவோம். நாம் இல்லாதபோது பேசியது பிறகு தெரியாது. அதனால் முதல் பாடம் பொறுமை. கேள்வியை நேராக, முழுதாக எழுதிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தபடியே வேறு வேலை பார்க்க வேண்டும். "ஒரு கேள்வி கேட்கலாமா?" என்று அனுமதி கேட்பதை ஐஆர்சி பழக்கத்தில் விரும்ப மாட்டார்கள், கேள்வியையே கேட்டுவிடலாம். நீளமான நிரலையோ கட்டுரையையோ அப்படியே கொட்டினால் ஆப் வெளியே அனுப்பிவிடுவார். ஒன்றும் பேசாமல் மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது குற்றமில்லை. பலர் வாரக்கணக்கில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

திடீரென்று நாற்பது ஐம்பது பேர் ஒரே நொடியில் வெளியேறியதாகத் திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். வலையமைப்பின் இரண்டு கணினிகளுக்கு இடையே இணைப்பு அறுந்திருக்கும். சற்று நேரத்தில் அத்தனை பேரும் கும்பலாகத் திரும்பி வருவார்கள்.

இதனால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய உலக வரைபடம்; யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் ஓரிடத்தின் பெயரைத் தமிழிலும் சேர்க்கத் தனிக் கட்டம் உண்டு. சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ் என்பதால் எம்ஆர்டி நிலையங்களுக்குத் தமிழ்ப் பெயர் வடிவம் இருக்கிறது. ஈசூன் என்ற பெயரே ஆராயத் தகுந்தது. ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் பெயர்பெற்ற லிம் நீ சூன் என்ற டியோச்சியூ வணிகரின் பெயரிலிருந்து நீ சூன் என்ற ஊர்ப்பெயர் வந்தது. அதே சீன எழுத்துகளை மாண்டரினில் உச்சரித்தால் ஈசூன். புதுநகருக்கு ஈசூன் நிலைத்தது, தேர்தல் தொகுதிக்கு நீ சூன் நின்றது.

அந்த வட்டாரத்தில் ஒரு பூங்காவுக்கோ தெருவுக்கோ தமிழ்ப் பெயர் விடுபட்டிருப்பதை நூலகத்தில் இருக்கும் நம் நண்பர் கவனிக்கிறார். எழுத்துப்பெயர்ப்பு செய்வதா, பொருளை மொழிபெயர்ப்பதா, எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்துக்கு ஓஎஃப்டிசி என்ற வேறொரு வலையமைப்பில் அரட்டை அறை இருக்கிறது. அதற்கும் உலாவி வழியே போகலாம். அங்கே கேட்டால், 'நேம்' என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்ற இரண்டெழுத்து, இதுதான் கட்டத்தின் பெயர் என்பதை அறிந்தவர் ஒருவர் சொல்லிவிடுவார். தமிழ் தெரியாத அவர், தமிழ்ப் பெயர் வரைபடத்தில் ஏற உதவியிருப்பார். அவர் யாரென்று நம் நண்பருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடுவது அங்கே வழக்கம். நேற்று விமானம் இறங்கியவரும் அந்த இடத்துக்குப் போய் நின்றால் போதும், ஊர்ப் பேச்சு காதில் விழும். அரட்டை அறைக்கு # போட்டு வைத்திருக்கும் பெயரும் அந்த வழக்கமான இடம் போன்றதுதான். பெயர் தெரிந்தால் போய் நிற்கலாம்.

தமிழில் தட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு நுட்பமான இடைஞ்சல் உண்டு. ஐஆர்சியில் ஒரு வரிக்கு அளவு 512 பைட். முகவரி விவரங்களுக்குப் போக, பேச்சுக்கு ஏறக்குறைய 400 மிஞ்சும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிக்கோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'க' போன்ற அடிப்படை எழுத்துக்குத் தனி, அதில் சேரும் கொம்புக்கோ புள்ளிக்கோ தனி. தமிழ் என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட், தமிழில் எழுதினால் 15. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் 9, தமிழில் 33. ஆகவே ஒரு வரியில் ஆங்கிலத்துக்கு எழுபது சொல் வரை கிடைக்க, தமிழுக்குப் பதினைந்து சொல் தேறினால் அதிகம். நல்ல செயலிகள் நீண்ட வரியைத் தாமாகவே இரண்டாகப் பிரித்து அனுப்பும். பழைய செயலிகளில் வரி வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ நிற்கும். சின்னச் சின்ன வரிகளாகப் பேசுவதே வழி. நேர்ப்பேச்சும் அப்படித்தானே நடக்கிறது.

தட்டுவதற்கு இன்று பஞ்சமில்லை. ஐபோனில் 2013லிருந்தே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினமோ ஜிபோர்டோ உண்டு. விண்டோஸிலும் தமிழ் 99, ஒலிப்புமுறை இரண்டும் உள்ளேயே கிடைக்கின்றன. மூத்தவர்களுக்குக் கைத்தொலைபேசியும் இணையமும் சொல்லிக்கொடுக்க 2020ல் எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உதவுகிறார்கள். விசைப்பலகையைச் சேர்ப்பது போன்ற சின்ன விஷயங்களை அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பெயர் மட்டும் போதும் என்றால் பொய்ப் பெயரும் போதும் என்றுதான் அர்த்தம். வந்த முதல் நிமிடத்திலேயே வயது, பால், ஊர் மூன்றையும் கேட்பவரிடம் பதில் சொல்லத் தேவையில்லை. கேட்காமல் வரும் கோப்பைத் திறக்கக் கூடாது. பணம் என்ற சொல் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சந்தேகம் இருந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். 2014ல் இயற்றப்பட்ட, துன்புறுத்தலிலிருந்து காக்கும் சட்டம் இணையத்தில் நடப்பதற்கும் பொருந்தும். ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய சொந்த விவரங்களை வெளியிடுவதும் 2020 முதல் அதன்படி குற்றம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பொது அறையில் பேசியது நம் திரையில் மறைந்தாலும் வேறு யாரோ அதைச் சேமித்துக்கொண்டிருக்கலாம். சில வலையமைப்புகளில் நாம் எந்த இணைப்பிலிருந்து வருகிறோம் என்பதும் மற்றவர்களுக்குத் தெரியும்; பெயரைப் பதிவு செய்தவர்களுக்கு அதை மறைத்துத் தருவார்கள். ஐஆர்சி யாருடைய வயதையும் சோதிப்பதில்லை. பிள்ளைகள் முதல் சில நாள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நுழைவது நல்லது.

ஐஆர்சி பிடிக்காதவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன. 2014ல் வந்த மேட்ரிக்ஸ் வலையமைப்பில் எலிமென்ட் என்ற செயலியை உலாவியிலேயே திறக்கலாம். நாம் இல்லாதபோது நடந்த பேச்சும் அங்கே காத்திருக்கும். 2015ல் தொடங்கிய டிஸ்கார்டும் உலாவியில் ஓடும். ஆனால் அங்கே எல்லா அறையும் ஒரே நிறுவனத்தின் கையில். தமிழிலேயே பேசும் கூட்டம் வேண்டுமென்றால் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் ஜிட்சி என்ற காணொளிச் சந்திப்புத் தளம் வழியே கூடுகிறது. அதற்கும் உலாவி போதும். அங்கே எழுத்தோடு குரலும் உண்டு.

ஈசூனிலிருந்து முயல்பவர் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் காலை பத்து மணி என்பது லண்டனில் நடுநிசி தாண்டிய வேளை, சென்னையில் காலை ஏழரை. அப்போது எழுதும் கேள்விக்குப் பதில் வரச் சாயங்காலமாகலாம். இரவு பத்தரைக்கு, புளோக்கின் கீழ்த்தளத்தில் பேச்சு அடங்கி எல்லாரும் மேலே போன பிறகு, சென்னையில் இரவு எட்டு, கோடைகாலமானால் லண்டனில் பிற்பகல் மூன்றரை, டொரண்டோவில் காலை பத்தரை. அந்த நேரத்தில் ஓரத்துப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேருவது தெரியும்.